காலையிலேயே ஏற்றிய கொடி

இரண்டு வருஷத்துக்கு முன்பு, பாராளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்து ஊரெல்லாம் சுவரொட்டியைக் கிழித்துக்கொண்டிருந்த நேரம். தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமை. எருமப்பட்டிப் பக்கம் ஒரு வறண்ட ஏரியை ஒட்டினாற்போல இருக்கிற எங்கள் கிளப்பின் துப்பாக்கி சுடும் மைதானத்தில் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சேலத்தில் பல்செட் செய்கிற சின்ன லேப் இருக்கிறது. அரிசியில் பாதி அளவுக்கு இழைக்கச் சொன்னாலும் கை நடுங்காமல் இழைப்பேன். ஆனால் கைக்கு இருக்கிற பொறுமையில் கால் பங்குகூட மனசுக்குக் கிடையாது. பால் பொங்குகிறவரை அடுப்பருகே நிற்க மாட்டேன். கோயிலில் இறுதி ஆசீர் கொடுப்பதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். "உன் காலுக்குக் கீழே யாராவது நெருப்பு வெச்சிருக்காங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்காத நாள் கிடையாது.

இப்படிப்பட்டவள் பிஸ்டல் சுடப் போனது வேடிக்கைதான். முதலில் பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் ஆரம்பித்தேன். பிறகு ஐம்பது மீட்டர் பிஸ்டல்மேல் ஆசை வந்தது. அது வேறு மாதிரி துப்பாக்கி. ஒரு தடவைக்கு ஒரே ஒரு குண்டுதான் போடலாம். மரப்பிடியை நம் கைக்கு அளவாகச் செதுக்கியிருப்பார்கள், உள்ளே கையை நுழைத்தால் கையுறை போட்டதுபோல உட்காரும். ஒற்றைக் கையை நீட்டி, ஐம்பது மீட்டருக்கு அப்பால் இருக்கிற கறுப்பு வட்டத்தைக் குறிபார்த்துச் சுட வேண்டும். லைசென்ஸுக்கு அலையாய் அலைந்து, விளையாட்டை விட்டுவிட்ட ஒருவரிடம் பழையதாக வாங்கினேன்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு கேட்டுக் கிளப்பிலிருந்து மனு போட்டிருந்தார்கள், பதில் வரவில்லை. திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் மாநிலப் போட்டி. அதற்குள் விலக்கு வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கோ நம்பிக்கை இல்லை. இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மிச்சம் என்பது மட்டுமே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அதனால் அன்றைக்கு முதல் பூசை முடியும் முன்பே கிளம்பிவிட்டேன். ராசிபுரம் தாண்டும்போது வெயில் முகத்தில் அடித்தது. மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகக் கொடி ஏற்றினேன்.

அந்தக் கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மைதானத்தில் குறிப்பலகைக்குப் பின்னால், குண்டைத் தாங்குவதற்கு இரண்டு ஆள் உயரத்துக்கு மண் மேடு போட்டிருக்கிறார்கள். அதன்மேல் வேலாமரங்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏரி, அதில் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் ஆடு மாடு மேய்ப்பார்கள். சுடுகிற நாளில் உயரமான கம்பத்தில் சிவப்புக் கொடி பறக்கும். கொடி பறந்தால் மேட்டுப் பக்கம் யாரும் வர மாட்டார்கள். கொடி இல்லையென்றால் ஆடுகள் மேடேறி வேலங்காய் பொறுக்கித் தின்னும். இது ஊருக்கும் கிளப்புக்கும் உள்ள ஏற்பாடு. எங்களுக்குள் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் கொடி ஏற்றினால் இன்னொருவர் அதைக் கண்ணால் பார்த்து, "கொடி பாத்தாச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் துப்பாக்கிப் பெட்டியைத் திறக்கலாம். தனியாள் சுடவே கூடாது.

அன்றைக்கு எனக்குத் துணையாக வர வேண்டியவர் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிற அண்ணன் ஒருவர். கிளப்பில் எனக்கு நல்ல பழக்கம். "ஒரு வண்டி ரிப்பேருங்க அம்மிணி, ஒரு மணி நேரம் முன்னப்பின்ன ஆகும்" என்று போனில் சொல்லிவிட்டார். ஒரு மணி நேரம்! நான் குறிப்பலகையை மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். மேஜையைத் துடைத்தேன். மணி பார்த்தேன். நான்கு நிமிஷம்தான் ஆகியிருந்தது.

அப்போதுதான் ரோட்டில் போன ஒரு ஜீப் கொடியைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பியது. தேர்தல் பறக்கும் படை.

"என்னங்க மேடம், கொடிக் கம்பமெல்லாம் காலி பண்ணச் சொல்லியிருக்கோம். இங்க செவப்புக் கொடி பறக்குது?" என்று கேட்டார் அதிகாரி. கட்சிக் கொடி இல்லை, சுடுகிற இடத்துக்கான எச்சரிக்கைக் கொடி என்று சொன்னேன். லைசென்ஸைக் காட்டினேன். மனிதர் நல்லவிதமாகத்தான் பேசினார். "கிளப்போட அனுமதிக் கடிதம் இருந்தா காட்டுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிடறோம். கொடி பாட்டுக்குப் பறக்கட்டும்" என்றார்.

கடிதம் காரின் டிக்கியில் இருந்தது. அதன்மேல் லேபுக்கு வாங்கிய இரண்டு பிளாஸ்டர் மூட்டைகள். அவற்றை இறக்கி, ஃபைலைத் தேடி, காட்டி, மறுபடி மூட்டையை ஏற்றி... எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. "அதெதுக்கு சார், இறக்கிட்டாப் போச்சு" என்று நானே கயிற்றை அவிழ்த்துக் கொடியை இறக்கினேன். "சுடும்போது ஏத்திக்குங்க, கடிதத்த மட்டும் கையில வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். நான் கொடியைச் சுருட்டிக் கார் சீட்டில் போட்டேன். அண்ணன் வந்ததும் ஏற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

அவர் வரும்போது ஒன்பது மணி தாண்டிவிட்டது. காதில் போன். ரிப்பேர் பார்க்கிறவரிடம் கத்திக்கொண்டே வந்து, போனைக் கொஞ்சம் விலக்கி என்னிடம் கேட்டார்: "கொடி ஏத்தியாச்சுங்களா அம்மிணி?"

"காலையிலேயே ஏத்தியாச்சுண்ணா."

வாய் தானாகச் சொல்லியது. பொய் என்று தோன்றவேயில்லை. காலையில் ஏற்றினேன்தானே? அவர் தலையாட்டிவிட்டு மறுபடி போனில் இறங்கிவிட்டார். அண்ணாந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அந்நேரம் என் கண் முழுக்கப் பெட்டியின் மேல்தான் இருந்தது.

சுடும்போது எங்கள் உலகம் மிகச் சின்னது. காதில் சத்தம் கேட்காமலிருக்க மூடி. இடது கண்ணுக்கு மறைப்பு. வலது கண்ணோ துப்பாக்கி முனையில் இருக்கிற சின்ன இரும்புத் துண்டை மட்டும் தெளிவாகப் பார்க்கும். அதற்கு அப்பால் குறிப்பலகைகூட மங்கலாகத்தான் தெரிய வேண்டும், அப்படித்தான் பழக்குவார்கள். கை நிலைக்கவில்லை என்றால் சுடாமல் இறக்கிவிட வேண்டும் என்பது பாலபாடம். எனக்கு அதுதான் வராது. இறக்குவது தோற்பதுபோல இருக்கும்.

ஐந்து குண்டுகள் சுட்டேன். ஆறாவதில் கை அலைந்தது. வியர்வை புருவத்தில் இறங்கியது. இறக்கு, இறக்கு என்று உள்ளே ஒரு குரல். இறக்கவில்லை. வெடுக்கென்று விசையை இழுத்துவிட்டேன். இடது பக்கம் போயிருக்கும் என்று கைக்கே தெரிந்தது. எவ்வளவு தூரம் போனது என்று பார்க்க, பக்கத்தில் ஸ்டாண்டில் வைத்திருந்த தொலைநோக்கியில் குனிந்தேன்.

காகிதத்தின் இடது ஓரத்தில் புதுத் துளை. அதற்கு ஒரு முழம் தள்ளி, ஒரு கால்.

ரப்பர் செருப்பு. விரலில் மெட்டி. கணுக்காலில் ஊதாப் புடவையின் ஓரம். மண் மேட்டின் சரிவில் அந்தக் கால் மெதுவாக ஓரடி இறங்கியது.

எனக்கு என்ன பார்க்கிறேன் என்று புரியவே ஒரு நொடி ஆனது. "ஸ்டாப்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. துப்பாக்கியைத் திறந்து மேஜையில் வைத்தேன். குண்டு இல்லை என்பதற்கு அடையாளமாகக் குழலுக்குள் ஒரு பிளாஸ்டிக் கயிறு நுழைக்க வேண்டும். பல் இழைக்கிற இந்தக் கைக்கு அந்த ஓட்டை அகப்படவில்லை. மூன்று தடவை தவறி, நான்காவதில் நுழைத்தேன். அப்புறம் ஓடினேன். அண்ணன் போனைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் ஓடி வந்தார்.

ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா. புடவைக்குமேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு, கையில் வேலங்காய் பறிக்கிற தொரட்டி. குறிப்பலகைக்குப் பின்னால் சிக்கிக்கொண்ட குட்டியைப் பிடிக்க இறங்கியிருக்கிறார். மேட்டின்மேல் ஏழெட்டு ஆடுகள் எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் மென்றுகொண்டிருந்தன.

"ஏஞ்சாமி, மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்குது? தண்ணி கிண்ணி வேணுங்களா?" என்றார் என்னைப் பார்த்து.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "சுட்டுக்கிட்டிருந்தேம்மா. இப்போ, இந்தப் பலகையை" என்றேன்.

அவர் பலகையைப் பார்த்தார். துளையைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். "வெடிச் சத்தம் கேட்டுது. எலெக்சன்காரங்க யாரோ வாராங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார் மெதுவாக. பிறகு தலையைத் தூக்கிக் கம்பத்தைப் பார்த்தார். "கொடி இல்லீங்களே சாமி. அதானே ஏறுனேன்."

இப்போது சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. "தேர்தல் அதிகாரிங்க வந்து இறக்கிட்டாங்கம்மா" என்றேன். கண்ணீர் விட்டுக்கொண்டே பழியைத் தூக்கி ஜீப்பில் போனவர்கள்மேல் போட்டேன்.

அண்ணன் என்னையே பார்த்தார். "காலையிலயே ஏத்தியாச்சுன்னு சொன்னீங்களேம்மிணி?" என்று மட்டும் கேட்டார். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. கடிதம், மூட்டை, நானே இறக்கியது, மறுபடி ஏற்றாதது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அந்த அம்மா பரவாயில்லை என்று சொல்லவில்லை. நான் அதைத்தான் எதிர்பார்த்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. தொரட்டியைத் தரையில் ஒரு குத்துக் குத்தினார்.

"நாங்க என்ன உங்களையா நம்பி ஆடு ஓட்டறோம்? நீங்க யாரு, எந்த ஊரு, எப்ப வாரீங்க எப்ப போறீங்கன்னு எங்களுக்கு என்ன தெரியும்? அந்தத் துணிய நம்பித்தானுங்க ஓட்டறோம். அது பறந்தா அக்கரை, பறக்கலீன்னா இக்கரை. எம்மருமவ மாசமா இருக்கறா. அவளுக்கும் அதையேதான் சொல்லி வெச்சிருக்கறேன். நேத்து அவதான் இந்த மேட்டுல ஓட்டுனா. காருல ஏத்தி எறக்க ஒடம்பு வலிக்குதுன்னு மூட்டைக்குப் பயந்துக்கிட்டுக் கொடிய எறக்குனீங்களே, அந்த மூட்டைய நான் வந்து எறக்கிக் குடுத்திருக்க மாட்டனா?"

அண்ணன், "தப்பு எம்மேலயும் இருக்குதுங்க. நான் அண்ணாந்து பாத்திருக்கோணும்" என்றார்.

"மொதல்ல அத ஏத்துங்க. நாம் பாக்கோணும்" என்றார் அந்த அம்மா.

காருக்குப் போய்க் கொடியை எடுத்து வந்தேன். முடிச்சுப் போட வரவில்லை, ஆனால் அவரும் உதவவில்லை, அண்ணனும் உதவவில்லை. எப்படியோ கட்டி இழுத்தேன். உச்சிக்குப் போய்க் காற்றில் ஒரு தடவை பிரிந்ததும் அவர் திரும்பினார். குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆடுகளை ஒவ்வொன்றாய்ப் பேர் சொல்லி அதட்டி, மேட்டைச் சுற்றிக்கொண்டு அக்கரைக்கு நடந்தார். "இனிச் சுடறதுன்னாச் சுடுங்க" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

நான் அன்றைக்குச் சுடவில்லை. மறுநாள் ஸ்டேஷனில் துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது வாங்கியபோது, பாரம் இறங்கியதுபோல இருந்தது. விலக்கு அடுத்த வாரமே வந்துவிட்டது. நான் திரும்ப வாங்கப் போகவில்லை. போட்டிக்கும் போகவில்லை. பல வாரங்கள் தொலைநோக்கியில் தெரிந்த அந்த மெட்டி விரல்தான், கண்ணை மூடினால் முன்னால் வந்து நிற்கும். லேபில் மெழுகைச் சூடுபண்ணும்போதுகூட வரும். ஒரு முழம். அவ்வளவுதான் வித்தியாசம்.

தேர்தல் எல்லாம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். கிளப்பில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருந்தேன், மூன்று மாதம் சுடக் கூடாது என்று தண்டனையும் வாங்கியிருந்தேன். சுடாவிட்டாலும் கொடி ஏற்றுகிற வேலையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். தண்டனை முடிந்து, துப்பாக்கியைத் திரும்ப வாங்கிச் சுடத் தொடங்கிவிட்டேன், ஆனாலும் அது இப்போதும் என் வேலைதான். அனுமதிக் கடிதத்தின் நகலைக் கம்பத்திலேயே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டியிருக்கிறேன்.

பொறுமை வந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. பால் இன்னமும் பொங்கி வழிகிறது. ஆனால் கொடி ஏறிய பிறகு மேஜைக்குப் போக மாட்டேன், கம்பத்தடியிலேயே நிற்பேன். சில நாள் ஐந்து நிமிஷம், சில நாள் அரை மணி நேரம். ஏரிக்கு அக்கரையில் அந்த ஊதாப் புடவை தென்படும். அவர் கொடியை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தொரட்டியை ஒரு தடவை உயர்த்திக் காட்டுவார். எங்களுக்குள் வேறு பேச்சு கிடையாது. என்னை மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. அவர் தொரட்டி உயர்ந்து இறங்குகிறவரை என் பெட்டி திறப்பதில்லை.