சுவரில் மாட்டிய பித்தப்பை

திருடினாளாம்! யார் சொன்னது, மாடிவீட்டுக்காரியா? தன் பித்தப்பையைத் தானே எடுத்துக்கொண்டு வந்தால் அது திருட்டா? கண்ணாடி போட்ட படத்தை அவள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் வந்ததை மாடியிலிருந்து பார்த்தாளே, உள்ளே என்ன படம் என்று ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கமாட்டாள். கேட்டுவிட்டால் அப்புறம் பேச என்ன இருக்கும்?

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வயிற்று ஸ்கேன் எடுக்கக் கற்றுக்கொடுக்கிற பள்ளி ஒன்று இருக்கிறது. கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஒரு வயிறு வேண்டுமே? பொம்மையைத் தடவிக்கொண்டே எத்தனை நாள் இருப்பது? அந்த வயிறு, படத்தோடு வந்தாளே, இவளுடையதுதான், ஆறு வருஷமாக. காலையில் எதுவும் சாப்பிடாமல் போகவேண்டும். தண்ணீர் மட்டும் மூத்திரப்பை முட்டக் குடிக்கவேண்டும். அது நிறைந்திருந்தால்தான் பின்னால் இருக்கிற கருப்பை தெரியுமாம். தளும்பாமல் அடிமேல் அடி வைத்து வருகிறவளுக்கு அங்கே குடத்தக்கா என்றே பேர் விழுந்துவிட்டது.

படுத்துக்கொண்டே சம்பளம் வாங்குகிறாள் என்கிறார்களே, வந்து படுத்துப் பார்க்கட்டும். வயிற்றில் ஐஸ் மாதிரி ஜெல்லைப் பிதுக்குவார்கள். பத்துப் பேர் வரிசையாக அடிவயிற்றை அமுக்குவார்கள். இருமக் கூடாது, சிரிக்கவும் கூடாது. ஒருநாள் ஒருத்தன் கருவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கல்லீரலை இடப்பக்கத்தில் கண்டுபிடித்தான். "தம்பி, நேத்துவரைக்கும் வலப்பக்கம்தான் இருந்துச்சு. ராத்திரி வீடு மாத்திருச்சோ என்னவோ," என்றாள் குடத்தக்கா.

அவள் பித்தப்பை அவ்வளவு அழகு. குட்டிக் கத்தரிக்காய் மாதிரி இருக்கும். டீச்சரம்மா அதைப் படம் பிடித்து, கண்ணாடி போட்டு, கீழே 'குறையில்லாத பித்தப்பை' என்று எழுதி வகுப்பில் மாட்டினாள். வீட்டுக் கல்யாணப் படங்களில் குடத்தக்காவின் முகம் எப்போதும் யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் பாதிதான் தெரியும். இங்கே முழுசாக இருந்தாள், சுவரில். தினமும் உள்ளே நுழைந்ததும் அதை ஒரு பார்வை பார்ப்பாள், தலைசீவிவிட்ட பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

அதே பள்ளியில்தான் அவள் நாத்தனாரும் படித்தாள். வீட்டில் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். நாத்தனார் தேர்வில் இரண்டு தடவை கோட்டைவிட்டாள். மூன்றாவதும் போனால் பள்ளியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்றாவது தேர்வு நாள் காலை பயத்தில் அவளுக்குத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. வெண்ணெய் தடவிய ரொட்டி இரண்டு, அவித்த முட்டை ஒன்று, எல்லாவற்றையும் தட்டோடு வைத்துவிட்டு ஓடினாள்.

குடத்தக்கா தட்டை மூடி வைத்தாள். திறந்து பார்த்தாள். மறுபடி மூடினாள். வீணாய்ப் போகுமே! சாப்பிட்டால் பித்தப்பை உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு உலர்ந்த திராட்சையாகச் சுருங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டுப் பட்டினி என்று சொன்னால் வேலை போய்விடும் என்பதும் தெரியும். ஆனாலும் ஒரே ஒரு முட்டை என்ன செய்துவிடும்? சாப்பிட்டாள். பள்ளிக்குப் போய் 'ராத்திரியிலிருந்து பட்டினி' என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்தும் போட்டாள்.

முட்டை செய்யவேண்டியதைச் செய்துவிட்டது. தேர்வாளர் வெளியிலிருந்து வந்தவர், சிரிப்பை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்த மனுஷர். முதல் ஆள் தேடு தேடென்று தேடிவிட்டு, "பித்தப்பையை ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க, சார்," என்றான். அடுத்தவளும் அதையேதான் சொன்னாள். வயிற்றில் ஒரு தழும்புகூட இல்லை! சுவரிலிருந்து அந்தப் பித்தப்பை எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாவதாக நாத்தனார் வந்தாள். விலாவுக்குக் கீழே கருவியை மெல்லச் சாய்த்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். திரையை உற்றுப் பார்த்தாள்.

"அண்ணி, என் முட்டை எங்கே?"

"எந்த முட்டை?"

"தட்டுல வச்சிட்டு வந்தேனே!"

"இங்கே என்ன பேச்சு?" என்றார் தேர்வாளர்.

"பித்தப்பை இருக்கு, சார். சுருங்கியிருக்கு. இவங்க சாப்பிட்டிருக்காங்க."

"பட்டினின்னு கையெழுத்துப் போட்டிருக்காங்களே. அப்போ நீங்க சொல்றது தப்பு." பேனா மூடியைக் கழற்றினார்.

குடத்தக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். வாயைத் திறந்தால் வேலை போச்சு, திறக்காவிட்டால் நாத்தனார் போனாள். இதற்கு நடுவில் மூத்திரப்பை வேறு முட்டிக்கொண்டு நின்றது.

"சாப்பிட்டேன், ஐயா," என்றாள். "ரொட்டி ரெண்டு. வெண்ணெய் கொஞ்சம் தாராளமாவே. முட்டை ஒண்ணு. பொய் சொன்னது நான்தான், இவ சொல்றது சரி."

தேர்வாளரின் வாய் ஒருபக்கம் கோணியது. அவருக்கு அதுதான் சிரிப்பாம். மதிப்பெண் போட்டார்.

"இன்னும் கருப்பை பாக்கணும், அண்ணி. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

"சீக்கிரம் பாருடி, இல்லேன்னா எல்லாரும் நீந்தித்தான் வீட்டுக்குப் போகணும்!"

நாத்தனார் தேறிவிட்டாள். டீச்சரம்மா தயங்கித் தயங்கி விதியைச் சொல்ல வாயெடுத்தாள்.

"சொல்லாதீங்க, டீச்சர். நானே போறேன். முதல்ல பாத்ரூமுக்கு, அப்புறம் வீட்டுக்கு."

முதல் இடத்துக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது ஆள் பாதியாக இருந்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, எல்லார் கண்ணெதிரிலும் ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினாள். "இது இங்கே இருந்தா, அடுத்து வர்ற வயித்துக்கு மனசு கஷ்டப்படும்," என்றாள். யாரும் தடுக்கவில்லை. டீச்சரம்மாதான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

நாத்தனார் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டாள். "நாளைக்கு ரெண்டு முட்டையா அவிச்சு வச்சிடுங்க, அண்ணி."

"யாருக்குடி சொல்ற? வேலைக்குப் போறவ இனிமே நீ, அவிக்கிறதும் நீதான். எனக்கு ரெண்டு," என்று சொல்லிவிட்டு, தன் பித்தப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆறு வருஷமாக அடிமேல் அடி வைத்து நுழைந்த வாசலை மறுகையை வீசி வேகமாகத் தாண்டி நடந்தாள்.