பில்லி இருக்கிற வீடு

சேசம்மாளுக்குப் பூனை ஆகாது. பிடிக்காது என்று அர்த்தமில்லை, உடம்புக்கு ஆகாது. பூனை மயிர் மூக்குப் பக்கம் வந்தால் போதும், நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அப்படியிருந்தும் தாராவியில் அவளுடைய ஒற்றை அறை வீட்டில் மினுக்கி என்ற பூனை மகாராணி மாதிரி நடமாடுகிறது. கீழே பூனையின் ராஜ்யம்; மேலே பரணில் சேசம்மாளின் படுக்கை. பரணுக்குக் கதவு போட்டாயிற்று. மகள் சுஜா தினமும் ஈரத்துணியால் பூனையைத் துடைத்துவிடுகிறாள். மாதா படத்துக்குப் பக்கத்திலேயே மூச்சுக்கான பம்ப் இருக்கிறது. சௌகரியமான குடித்தனம்தான். ஆனால் இதற்கு முன்னால் அவள் பட்ட பயம் இருக்கிறதே, அது எதிரிக்கும் வர வேண்டாம்.

மழைக்காலத்தில்தான் இளைப்பு தொடங்கியது. புருஷன் மரியஅந்தோணிக்குத் தோல் பட்டறையில் லீவு கிடைக்காது. சுஜாவுக்குச் செம்பூரில் கண்ணாடிக் கடை வேலை. அதனால் சேசம்மாள் தனியாகவே டாக்டரிடம் போனாள். இருபது வருஷ பம்பாய் வாழ்க்கையில் அவள் கற்றுக்கொண்ட இந்தி, காய்கறி பேரம் பேசுவதற்கு மட்டும்தான் காணும். தெரு முழுக்கத் திருநெல்வேலி ஆட்கள் இருக்கும்போது இந்தி எதற்கு?

டாக்டரம்மா குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். "கர் மே பில்லி ஹை க்யா?" என்றார்.

கர் என்றால் வீடு. அது தெரியும். பில்லி என்றால் என்னவென்று யார் சொல்லித் தர வேண்டும்? பில்லி, சூனியம், செய்வினை எல்லாம் கேட்டு வளர்ந்தவள்தானே. ஊரில் அந்தோணியார் கோவிலில் தலையை விரித்துப் போட்டு ஆடியவர்களைக் கண்ணால் பார்த்தவள். படித்த டாக்டரே வீட்டில் பில்லி இருக்கிறதா என்று கேட்டதும் அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். தலையை மட்டும் ஆட்டினாள். அவர் மேற்கொண்டு சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

வைத்தது யார் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கல்யாணில் இருக்கிற நாத்தனார்தான். தன் மகன் ஏஞ்சலோவுக்குச் சுஜாவைக் கேட்டு வந்தாள். குடித்துவிட்டு ரோட்டில் கிடக்கிறவனுக்குப் பெண் கிடையாது என்று சேசம்மாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். என் வயிற்றெரிச்சல் உன்னைச் சும்மா விடாது என்று சொல்லிவிட்டுப் போனவள், சொன்னதைச் செய்துவிட்டாள்! புருஷனிடம் வாய் திறக்க முடியுமா? கூடப் பிறந்த அக்காளை அவன் விட்டுக்கொடுப்பானா? பயத்தை மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினாள். வாசலில் தீர்த்தம் தெளித்தாள். ஜெபமாலையைக் கையை விட்டு இறக்கவில்லை. தனியாக இருக்கப் பயந்துகொண்டு, எந்நேரமும் மினுக்கியைத் தூக்கி மடியிலும் மாரிலும் போட்டுக்கொண்டாள். நல்லதும் கெட்டதும் பூனையின் கண்ணுக்குத் தெரியும் என்று ஒரு தைரியம். இளைப்பு என்னவோ நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது.

ஒரு காலையில் சுஜா வேலைக்குக் கிளம்பும்போது அடுத்தடுத்துத் தும்மினாள். சேசம்மாளுக்கு உயிரே போய்விட்டது. தனக்கு வந்தது மகளுக்கும் வந்துவிட்டது என்றே முடிவு கட்டினாள். தான் போனால் போகட்டும், பிள்ளை என்ன பாவம் செய்தாள்? அன்று மத்தியானம் பூனையை இறுகக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தபோது மூச்சு நின்றேவிட்டது போலானது. பக்கத்து வீட்டு ஆஸியாதான் பார்த்து, வெளிக்காற்றுக்கு இழுத்து வந்து, சுஜாவுக்குப் போன் போட்டாள்.

சுஜா பதறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது சேசம்மாளுக்குக் கொஞ்சம் பேச்சு வந்திருந்தது.

"ஏட்டி, நீ ஏஞ்சலோவையே கெட்டிக்க. இன்னைக்கே ஒங்க அத்தைக்குப் போன் பண்ணிச் சொல்லிருதேன்."

சுஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவன் குடிகாரப் பயன்னு நீதானம்மா சொன்ன?"

"ஒங்க அத்தை செய்வினை வச்சிட்டாட்டி. டாக்டரம்மாவே சொல்லிட்டாவ, வீட்ல பில்லி இருக்குன்னு."

சுஜா அம்மாவைப் பார்த்தாள். அவள் மடியில் ஏறப் பார்த்துக்கொண்டிருந்த மினுக்கியைப் பார்த்தாள். சட்டென்று பூனையைத் தூக்கி ஆஸியா கையில் கொடுத்தாள்.

"அம்மா, இந்தியில பில்லின்னா பூனை."

ஆஸியா சிரித்துவிட்டாள். சேசம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. எதற்குப் பயந்து எதைக் கட்டிக்கொண்டு கிடந்தோம் என்று நினைக்க நினைக்க முன்னைவிட அதிகமாகப் பயம் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்திருந்தால் அவள் இல்லை. சுஜாவின் வாழ்க்கையும் அந்தக் குடிகாரனோடு போயிருக்கும்.

சாயங்காலம் மறுபடியும் டாக்டரம்மாவிடம் போனார்கள். பூனையை அனுப்பிவிடுவதுதான் உத்தமம் என்றார் அவர். முடியாவிட்டால், படுக்கையைத் தனியாக்கி, பம்ப் தவறாமல் எடுத்து, இன்னும் சிலதைக் கவனித்துக்கொண்டால் சமாளிக்கலாம் என்றும் சொன்னார். சுஜா எல்லாவற்றையும் தமிழில் சொன்னாள். வெளியே வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மினுக்கிய அனுப்பிருவோம்மா. நீ இருந்தாப் போதும்."

சேசம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பயம் போகவில்லை, இன்னும் நெஞ்சுக்குள்ளேயேதான் இருந்தது.

"பயந்து பயந்து ஒன்னையே அந்தக் குடிகாரங்கிட்டத் தள்ளிவிடப் பாத்தேன்" என்றாள். "இனிமே பயத்துக்காவ ஒருத்தரையும் வீட்ட விட்டு அனுப்ப மாட்டேன். டாக்டரம்மா என்னென்ன சொன்னாவன்னு மறுபடியும் சொல்லு. மெதுவா, தமிழ்ல."