வெறும் ஆணி

அந்த விளையாட்டு மைதானத்து மெக்கானிக்குக் கோபம் மூக்கு நுனியில். புல்வெட்டும் வண்டியில் பெல்ட் அறுந்தால் போதும், வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே ஓட்டியவரைத் திட்ட ஆரம்பித்துவிடுவார். ஆனால் அவர் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. ஷெட்டின் பின்சுவரில் வரிசையாக ஆணி அடித்து, இருபத்திரண்டு வருடத்தில் அறுந்த பெல்ட் ஒவ்வொன்றையும் மாட்டி வைத்திருந்தார். ஒவ்வொன்றின் கீழும் சாக்பீஸில் தேதி, காரணம். எழுதுவது அவர் மகள். கருகிப் பளபளத்தால் வழுக்கியிருக்கிறது, ஓரம் மட்டும் நார்நாராகப் பிரிந்திருந்தால் எதிலோ உரசியிருக்கிறது என்று பத்து வயதிலேயே சொல்லிவிடுவாள். கல்யாணமான பிறகும் வரும்போதெல்லாம் விட்டுப்போனதை எழுதிவிட்டுப் போவாள்.

வினை வந்தது அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்துதான். மாப்பிள்ளையின் அப்பா வேலை போய் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது, மேனேஜரிடம் சொல்லி அவரை அந்த வண்டியில் உட்கார வைத்தவர் மெக்கானிக். செய்த உதவியை அவர் மறக்கவும் மாட்டார், மற்றவர்களை மறக்க விடவும் மாட்டார். சம்பந்தியோ வாயில்லாப்பூச்சி. முப்பது வருடம் வேன் ஓட்டிய பழக்கத்தில் இடது காலைப் பெடல்மேல் லேசாக வைத்தபடியே ஓட்டுவார். அந்தப் பெடலை அழுத்தினால் பெல்ட் தளர்ந்து வண்டி நிற்கும். அரைகுறையாக அழுத்தினால் பெல்ட்டும் அரைகுறையாகவே பிடித்து, அது சுற்றி ஓடும் புல்லிச் சக்கரத்தில் வழுக்கி வழுக்கிக் கருகிப்போகும். அந்தக் கோடையில் அப்படி இரண்டு பெல்ட் போயிற்று.

இரண்டாவது அறுந்த அன்று மெக்கானிக் எல்லார் முன்னாலும் கத்தித் தீர்த்தார். புது பெல்ட்டைக் கை மாட்டிக்கொண்டிருந்தது, வாய் ஓயவில்லை.

"அது என்ன, நீங்க கால் நீட்டிக்கிற பலகையா சம்பந்தி? எத்தன தடவ சொல்றது?"

தோட்ட வேலைக்காரர்கள் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து சம்பந்தி இடது காலை சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு ஓட்டினார். வண்டியை நிறுத்த மட்டும் அந்தக் கால் வெளியே வரும். மெக்கானிக் அதைக் கவனிக்கவே இல்லை.

மூன்றாவது வாரம் மேட்டில் ஏறும்போது அந்த பெல்ட்டும் அறுந்தது. வண்டி பின்னால் உருண்டு, பார்வையாளர் பெஞ்சுகளில் மோதி நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. மேனேஜர் ஓடி வந்தார்.

"என்னாச்சு?"

"வேற என்ன? கால்தான்," என்றார் மெக்கானிக். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இல்ல சார், நான் கால வைக்கவே இல்ல." சம்பந்தி மெக்கானிக் பக்கம் திரும்பினார். "சம்பந்தி, ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்களேன்."

"இருபத்திரண்டு வருஷமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

நாளை முதல் வரவேண்டாம் என்று மேனேஜர் அங்கேயே சொல்லிவிட்டார்.

மத்தியானம் வண்டிக்கு அடியில் படுத்து பெல்ட்டை உருவிய மெக்கானிக்குக் கை அப்படியே நின்றது. கருகலே இல்லை. ஒரு ஓரம் மட்டும் நார்நாராகப் பிரிந்திருந்தது. புல்லியை ஒட்டி, பெல்ட் நழுவாமலிருக்க ஒரு கம்பி உண்டு. பெல்ட் அதற்கு உள்பக்கமாகப் போக வேண்டும். இது வெளிப்பக்கமாகப் போயிருந்தது. மூன்று வாரம் உரசி உரசிக் கம்பி பளிச்சென்று மின்னியது. மாட்டியது அவர் கைதான். திட்டுகிற மும்முரத்தில் மாட்டியது.

எழுந்து மேனேஜர் அறை வாசல் வரை போனார். வாய் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார். "சொந்தக்காரர்னுகூடப் பாக்காம உள்ளதச் சொன்னீங்க. உங்கள மாதிரி யார் இருக்கா?" மெக்கானிக் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். பெல்ட்டைச் சுருட்டிப் பெட்டியின் அடியில், ஸ்பேனர்களுக்குக் கீழே திணித்தார். தன்மேலேயே அவருக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது. துப்பவும் இல்லை, சொல்லவும் இல்லை.

பத்து நாள் கழித்து மகள் ஷெட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மாமா சரியாச் சாப்பிடறதில்லப்பா. 'நான் கால வைக்கலம்மா'ன்னு என்கிட்டயே திரும்பத் திரும்பச் சொல்றாரு. அந்த பெல்ட்ட ஒரே ஒரு தடவ பாக்கணுமாம். குடுங்க, காட்டிட்டுக் கொண்டாந்துடறேன்."

"அது... குப்பையில போட்டுட்டேம்மா."

அவள் பின்சுவரைப் பார்த்தாள். கடைசியாக இரண்டு கருகிய பெல்ட்டுகள். அடுத்த ஆணி வெறுமையாக இருந்தது.

"நீங்க எந்த பெல்ட்டயும் குப்பையில போட்டதில்லையேப்பா," என்றாள். அலமாரியிலிருந்து சாக்பீஸை எடுத்து, வெறும் ஆணிக்குக் கீழே தேதியை எழுதினாள். பிறகு சாக்பீஸை அவரிடம் நீட்டினாள்.

"காரணத்த நீங்களே எழுதிக்குங்க."

அவள் போய் வெகுநேரம் அவர் சுவரைப் பார்க்காமலே வேலை செய்தார். சாயங்காலம் ஷெட்டைப் பூட்டும் முன் ஆணியின் அருகே போய், தேதிக்குப் பக்கத்தில் 'கால்' என்று எழுதினார். அத்தனை வருடத்தில் அந்தச் சுவரில் அவர் கையெழுத்து விழுந்தது அதுதான் முதல் தடவை.