கள்ளிக்கு அம்மை போட்ட வருஷம்

நெமிலிச்சேரியில் என் அண்ணனின் நிலத்தில் பாதியைச் சப்பாத்திக் கள்ளி பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் புறம்போக்கிலிருந்து பரவிய கள்ளி. வெட்டிப் போட்டால் ஒவ்வொரு மடலும் வேர்விட்டுத் தனிப் புதராகும். ஆடிக்குள் ஒழியாவிட்டால் அந்த வருஷமும் வேர்க்கடலை போட முடியாது. கள்ளியைத் தின்னும் பூச்சியை விவசாய இலாகா ஊர் ஊராகக் கொடுத்துவந்த காலம் அது. படித்தவற்றை வைத்துப் பார்த்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியாக இருக்க வேண்டும். ஆண்டைச் சத்தியம் செய்து சொல்ல மாட்டேன். மாதம் பங்குனி. வீட்டில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம்.

அண்ணன் பூச்சி பிடித்த மடல்களை வண்டியில் ஏற்றிவந்து, புறம்போக்கிலும் தன் நிலத்திலும் கள்ளிமேல் வைத்தார். சில வாரங்களில் கள்ளியெங்கும் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்தது. நசுக்கினால் குங்குமச் சிவப்பு.

எதிர்வீட்டுப் பெரியம்மா அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாள் ஊர்ப் பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைக் கள்ளியின் தலையில் ஊற்றி, வேப்பிலையால் வருடிக்கொண்டிருந்தார்கள். பூச்சியில் பாதி கழுவிக்கொண்டு போய்விட்டது.

இது பூச்சி, சர்க்கார் கொடுத்தது என்று அண்ணன் கத்தினார். சர்க்கார் கொடுத்தாலும் அனுப்பியது அம்மாதானே என்றார் பெரியம்மா. பூச்சி என்றால் பறக்க வேண்டாமா என்றும் கேட்டார்.

அண்ணன் சற்று யோசித்தார்.

"சரி பெரியம்மா, அம்மைதான். எறங்கறதுக்கு முன்னாடியே தலைக்குத் தண்ணி ஊத்திகினு கீறீங்களே, இது அடுக்குமா?"

பெண்கள் குடங்களைக் கீழே வைத்தார்கள். முதலில் ஊற்றியது யார் என்று தங்களுக்குள் சண்டை போட்டார்கள். அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார்.

"அப்போ பத்தியம் ஒன் ஊட்லதான், நைனா," என்றார் பெரியம்மா. "ஒன் நெலத்துலதானே அம்மா வந்து கீறா. தாளிக்காதே, கவிச்சி தொடாதே, செரைக்காதே. எறங்கற வரிக்கும்."

மனிதர்களுக்கு அம்மை சில வாரங்களில் இறங்கிவிடும். கள்ளிக்கு அவசரமில்லை. வைகாசி போயிற்று, ஆனி வந்தது. எங்கள் வீட்டில் கடுகு வெடிக்கும் சத்தமே இல்லை. மீன்காரி தெருவின் மறுபக்கமாக நடந்தாள். பூந்தமல்லிச் சந்தையில் அத்தர் விற்கும் பாய், அண்ணனின் தாடியைப் பார்த்து ஆள் தெரியாமல், ஹஜ்ஜுக்கு எப்போது புறப்பாடு என்று மரியாதையாக விசாரித்தார். அண்ணன் தினமும் போய்க் கள்ளியை நலம் விசாரித்துவிட்டு வருவார். ஒருநாள் உதைக்கக் காலைத் தூக்கினார். பெரியம்மா வருவதைக் கண்டு, தூக்கிய காலை இறக்கிக் கும்பிடு போட்டார்.

ஆனி முடிவதற்குள் கள்ளி அழுகிச் சரிந்தது. பெண்கள் முறை தவறாமல் அந்த அழுகலுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அண்ணன் வரப்பிலேயே உட்கார்ந்து சவரம் செய்துகொண்டு, மறுநாள் ஏர் பூட்டினார்.

உழுதுகொண்டிருக்கும்போது பெரியம்மா வந்தார். தன் கொல்லையிலும் கள்ளி மண்டிக் கிடக்கிறது, அங்கேயும் அம்மா வருவாளா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வருவா," என்றார் அண்ணன், மாட்டை நிறுத்தாமல். "மடல் நான் கொண்டாந்து வெக்கறேன். ஊட்ல கீற கருவாட்ட எல்லாம் இப்பவே எங்கிட்ட குடுத்துடுங்க."

பெரியம்மா வீட்டுக்குப் போய், கருவாட்டுப் பானையைத் தூக்கிவந்து வரப்பில் வைத்தார்.