இருட்டைக் காட்டும் கேமரா

எகிப்தின் மல்லவி ஊரில் ஒரு கல்யாணம் என்றால் இன்சாஃப் இல்லாமல் நடக்காது. தேவாலயத்தில் தாலாட்டுப் போல நீளும் திருமணப் பூசையானாலும் சரி, முஸ்லிம் வீடுகளில் மருதாணி வைக்கும் நாளில் பெண்கள் மட்டும் கூடி ஆடும் ஆட்டமானாலும் சரி, தோளில் கேமராவோடு அவள் நிற்பாள். பெண்கள் தலைமுக்காட்டைக் கழற்றிவிட்டு ஆடும் இடத்தில் ஆண் கேமராக்காரனை யார் உள்ளே விடுவார்கள்? அதனால்தான் போட்டோ ஸ்டூடியோவில் கல்லாவில் உட்கார்ந்திருந்த பெண் ஒருநாள் கேமராவைத் தூக்கினாள். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று வாய் கிழியப் பேசியவர்களே பிறகு தங்கள் மகள்களுக்காக அவளிடம் தேதி கேட்டு வந்தார்கள். அவளுக்கு அதில் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த கர்வம்.

அவளும் கணவன் வஹீபும் காப்டிக் கிறிஸ்தவர்கள்; அவன் எலக்ட்ரீஷியன். ஊருக்கெல்லாம் கூலிக்கு வேலை செய்தாலும் தேவாலயத்துக்கு மட்டும் இலவசம். ஈஸ்டர் பூசையின் நடுவே பீடத்தின் கதவைச் சாத்திவிட்டு எல்லா விளக்குகளையும் அணைப்பார்கள். அந்தக் கும்மிருட்டில் கதவைத் திறக்கச் சொல்லி வெளியிலிருந்து ஒரு குரல் பாடும். வந்திருப்பது யார் என்று உள்ளிருந்து இன்னொரு குரல் கேட்கும். கடைசியில் கதவைத் தட்டுவார்கள். கதவு திறக்கும்போது விளக்குகள் ஒன்றாக எரியும், பெண்கள் குலவையிடுவார்கள். அந்த விளக்குகளை அணைப்பதும் எரிய விடுவதும் வஹீபின் பொறுப்பு. வருஷம் முழுக்க அவன் காத்திருப்பது அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் என்று இன்சாஃப் கேலி செய்வாள். அது உண்மையும்கூட.

பிறகு அவன் ஏணியிலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. நாலாவது மாடி வீடு, லிஃப்ட் இல்லை. அவனைப் போலப் படுக்கையில் கிடப்பவர்களுக்காக இன்சாஃப் தேவாலயத்துப் பூசைகளைப் படம்பிடித்து நேரலையாக வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கினாள். நன்றாகத்தான் போனது, விளக்கை அணைக்கும் நேரம் தவிர. அப்போது அவளுடைய பழைய கேமராவில் கறுப்புக்குப் பதிலாக ஒரு சாம்பல் நிறம் வரும், திரை முழுக்கப் புள்ளிகள் நெளியும்.

"எறும்புப் புத்தைக் காட்டுற" என்பான் வஹீப். அந்த இடம் வந்ததும் டிவியை அணைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். நோன்பு முடிக்கும் கறிச்சோற்றையும் தொடமாட்டான். மூன்று ஈஸ்டர் அப்படிப் போயிற்று. ஊரெல்லாம் பண்டிகை கொண்டாடும்போது ஒரு மனிதன் சுவரைப் பார்த்துக் கிடப்பதை எத்தனை தடவைதான் பார்ப்பது? இந்த வருஷம் விடுவதில்லை என்று இன்சாஃப் முடிவு செய்தாள். அவள் முடிவு செய்தால் உடும்புப் பிடிதான்.

இருட்டில் நன்றாகப் பார்க்கும் கேமரா வேண்டும். தேவாலயக் கமிட்டி வாங்கித் தருவதாகச் சொன்னது. எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்ல வேண்டியது அவள் வேலை. கெய்ரோவிலிருந்து ஒன்றையும், மின்யாவில் டிவிக்குப் படம்பிடிக்கும் தன் அத்தை மகனிடமிருந்து இன்னொன்றையும் வரவழைத்தாள். கெய்ரோக்காரி, மின்யாக்காரி என்று பெயரும் வைத்துவிட்டாள்.

ஒரு நண்பகலில் ஜன்னல்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, பீடத்துக்குள் ஒரே ஒரு விளக்கை ஏற்றிவைத்து, இரண்டு கேமராக்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். வஹீபின் இடத்துக்கு வந்திருந்த ரம்ஸி சுவிட்சுகளை அணைத்தான். ஊர் மரியாதையாக 'உஸ்தாஸ்' என்று அழைக்கும் கமிட்டித் தலைவர் ஹில்மி முன்வரிசையில் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

வெளிச்ச அளவை அந்தந்தக் கேமராவின் முடிவுக்கே விட்டாள் இன்சாஃப். மின்யாக்காரி மங்கலாக ஏதோ காட்டியது. கெய்ரோக்காரியோ பட்டப்பகலைக் காட்டியது. தூண், திரைச்சீலை, பீடத்தின் முன்னால் வழக்கப்படி தொங்கவிட்டிருக்கும் நெருப்புக்கோழி முட்டை, எல்லாம் பளிச்சென்று.

"அட, என் மீசைகூடத் தெரியுதே!" என்று எழுந்தே விட்டார் ஹில்மி. "சிட்னில இருக்கிற என் பையன் என்னை அடையாளம் கண்டுக்குவான். இதையே வாங்கிடலாம்மா."

இன்சாஃபுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்தப் படத்தை அப்படியே வீட்டு டிவிக்கு அனுப்பிவிட்டு வஹீபுக்குப் போன் போட்டாள்.

"பாத்தியா?"

"பாத்தேன். ஏன் லைட்டைப் போட்டுட்டீங்க?"

"யார் போட்டா? கும்மிருட்டு இங்க. என் கையே எனக்குத் தெரியல."

"இதுவா இருட்டு? ரம்ஸிக்கு உச்சந்தலையில வழுக்கை விழுந்திருக்கு, அது வரைக்கும் தெரியுது."

"தெரியணும்னுதானே இந்தப் பாடு படறேன்!"

"நான் பாக்கணும்னா கேட்டேன்?" வஹீபின் குரல் உடைந்தது. "விடு, இன்சாஃப். இந்த வருஷம் எனக்காக எதுவும் போடாதே. நான் தூங்கிடறேன்."

அவளுக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். இரண்டு ஊரிலிருந்து கேமரா வரவழைத்தவளுக்கு இதுதானா மரியாதை? ராத்திரி அவனுக்கு அவரைக்கூழ் கொடுக்கும்போதுகூட அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாத்திரம் கழுவும்போதுதான் ஆத்திரம் இறங்கி யோசனை வந்தது. ஈரக் கையோடு வந்து கேட்டாள்.

"சுவிட்சுக்கிட்ட நிப்பியே, அப்ப உனக்கு என்னதான் தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. கதவு இடுக்குல நூல் மாதிரி ஒரு வெளிச்சம். அவ்வளவுதான். பக்கத்துல யாரோ மூச்சு விடுவாங்க. ஊரே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், நானும் அதுக்குள்ள ஒருத்தன்." போர்வையை இழுத்துக்கொண்டான். "போய்ப் படு."

அவள் படுக்கவில்லை. தான் செய்த தப்பு அவளுக்கு விளங்கிவிட்டது. எது அதிக வெளிச்சம் காட்டுகிறது என்று இரண்டையும் ஓடவிட்டு ஜெயித்ததற்குக் கைதட்டியிருக்கிறாள். வஹீபுக்கு வேண்டியது இருட்டு. பொய்யில்லாத, எறும்பு ஊராத இருட்டு.

மறுநாள் மறுபடியும் கம்பளிகளைத் தொங்கவிட்டாள். இந்தத் தடவை முதலில் கேமராவைத் தொடவில்லை. கண் பழகும்வரை இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கதவிடுக்கில் நூல் தெரிந்தது. தூண் இருக்கிறது என்று ஊகிக்க முடிந்தது. தன் கண்ணுக்கு எவ்வளவு தெரிந்ததோ அந்த அளவுக்கு இரண்டு கேமராக்களின் வெளிச்சத்தையும் கையால் இறக்கினாள். இப்போது இரண்டும் ஒரே இருட்டைக் காட்டின; இனிமேல்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

ரம்ஸியை மெழுகுவர்த்தியோடு நடக்கச் சொன்னாள். கெய்ரோக்காரி புள்ளிகளை மறைக்கிறேன் என்று எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிட்டது. ரம்ஸியின் முகம் மாவு பூசியதுபோல இருந்தது, சுடர் நகர்ந்தால் பின்னாலேயே ஒரு வால் இழுபட்டது. மின்யாக்காரியில் உற்றுப் பார்த்தால் மெல்லிய மணல் தெரிந்தது. ஆனால் கறுப்பு கறுப்பாக இருந்தது, சுடர் சுடராக இருந்தது, முகத்தில் உயிர் இருந்தது. இன்சாஃப் மறுபடி மறுபடி நடக்கச் சொன்னாள். ரம்ஸிக்குக் கால் வலித்தது, அவளுக்குச் சந்தேகம் தீர்ந்தது.

மின்யாக்காரிதான் வேண்டும் என்று அவள் சொன்னதும் ஹில்மி குதித்தார். "இருட்டைக் காட்டறதுக்கு எதுக்கும்மா கேமரா? மூடியைக் கழட்டாம வச்சாலே போதுமே!"

"உங்க மீசையைப் பகல்ல எவ்வளவு வேணும்னாலும் எடுத்துத் தரேன், உஸ்தாஸ். அந்த நேரத்துல மட்டும் முடியாது."

"கமிட்டி என்ன சொல்லுதோ அதைத்தான் செய்யணும்."

"அப்ப கமிட்டியே வந்து கேமராவைப் பிடிக்கட்டும்."

பாதிரியார் அபூனா பிஸந்தி தாடிக்குள் சிரித்துக்கொண்டார். "விளக்கை அணைக்கச் சொல்றதே நாமதான் ஹில்மி. அணைச்சுட்டு வெளிச்சம் காட்டினா எப்படி?" ஹில்மி முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

ஈஸ்டர் பூசைக்கு மாலையில் கிளம்பும்போது இன்சாஃப் டிவியைப் போட்டு, வஹீபின் அறை விளக்கை அணைத்து, ரிமோட்டைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஏய்! ரிமோட்டைக் குடுத்துட்டுப் போ! நான்தான் வேணாம்னு சொன்னேனே!"

"கண்ணை மூடிக்கோ. அதுக்கு ரிமோட் வேணாம்."

தேவாலயத்தில் விளக்குகள் அணைந்தன. திரையில் நூலளவு வெளிச்சம், அதைச் சுற்றி நல்ல கறுப்பு. கூட்டத்தின் நடுவே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வெளிக்குரல் பாடியது, உள்குரல் கேட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடக்கும் ஒரு முதுகுதான் அவள் கண்ணில் நின்றது. இதுவும் பலிக்காவிட்டால் இனி அவனிடம் கேட்க வாய் வராது என்று அவளுக்குத் தெரியும். கதவு தட்டப்பட்டது, விளக்குகள் எரிந்தன, குலவைச் சத்தம் கூரையை முட்டியது. அவளுக்குக் குலவையிடத் தோன்றவில்லை.

பூசை முடிந்து நாலு மாடியையும் மூச்சு வாங்க ஏறிக் கதவைத் திறந்தாள். வஹீப் தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் சிவந்திருந்தது.

"ரம்ஸி எங்க? போன் போடு அவனுக்கு."

"என்ன ஆச்சு?"

"போடுங்கறேன்ல!"

அவள் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பக்கம் ரம்ஸி பண்டிகை வாழ்த்துச் சொல்லக்கூட விடாமல் வஹீப் கத்தத் தொடங்கினான். "மடையா, கதவு திறக்கறதுக்கு முன்னாடியே ஏண்டா லைட்டைப் போட்ட? தட்டினதும் போட்டுடறதா? கதவு அசையணும், அப்புறம்தான் சுவிட்ச். இன்னும் ரெண்டு மூச்சு இருட்டு பாக்கி இருந்துச்சு, எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தோம், கெடுத்துட்டியே!"

"யாருக்கும் தெரியலையே அண்ணே" என்ற ரம்ஸியின் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது. "நீங்க இங்க இல்லவே இல்ல, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இல்லைன்னு எவன் சொன்னான்?" என்றான் வஹீப். "அங்கதான் இருந்தேன்."

இன்சாஃப் அடுப்படிக்குப் போய்க் கறிச்சோற்றை இரண்டு தட்டில் போட்டாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, கரண்டி பிடிக்க முடியவில்லை.