கண் தெரியாது என்று எழுதிக் கொடுங்கள்

கண் டாக்டரிடம் எல்லாரும் கண் தெரிய வேண்டும் என்றுதான் வருவார்கள். நஷ்டஈட்டு விண்ணப்பத்தோடு வருகிறவர்களில் சிலர் மட்டும் தெரியவே கூடாது என்று வருவார்கள். சாட்சிக் கூண்டு ஏறிய டாக்டர்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

படித்த கண்

அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி ஒருவர். பஸ் திடீரென்று பிரேக் போட்டதில் கம்பியில் முகம் மோதி, வலது கண் சுத்தமாக இருட்டு என்று வழக்குப் போட்டிருந்தார். பார்த்தால் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. லென்ஸ் மாற்றிப் பார்க்கும் சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை மாட்டி, நல்ல கண்ணான இடது கண் முன்னால் எதுவும் தெரியாதபடி கனத்த லென்ஸ் ஒன்றைப் போட்டேன். வலது கண்ணுக்கு வெறும் கண்ணாடி. ரெண்டு கண்ணையும் திறந்து சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். கடைசி வரி வரை கடகடவென்று படித்தார்.

"இப்பப் படிச்சது வலது கண்ணு அண்ணாச்சி" என்றேன். சட்டத்தைக் கழற்றி மெல்ல மேஜையில் வைத்தார்.

"செத்த கண்ணையே எழுப்பிட்டீங்களே டாக்டரம்மா. அந்தக் கண்ணாடியவே எழுதிக் குடுத்திருங்க."

வக்கீலின் கை நீளம்

பாளையங்கோட்டைக் கோர்ட்டில் ஓர் அடிதடி வழக்கு. அடிபட்டவரின் கண்ணுக்கு ரிப்போர்ட் கொடுத்தது நான். எதிர்க்கட்சி வக்கீல் எழுந்ததும் முதல் கேள்வி: "நீங்களே கண்ணாடி போட்டிருக்கீங்க. அடுத்தவங்க கண்ணப் பத்தி எப்படிச் சொல்லுதீங்க?" கோர்ட்டே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

பிறகு என் ரிப்போர்ட்டை வாசிக்க எடுத்தார். தள்ளிப் பிடித்தார், இன்னும் தள்ளினார், கை போதவில்லை. தேதியைத் தப்பாகப் படித்து நீதிபதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்று சாயங்காலமே என் கிளினிக்குக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"காலைல கேட்டது கட்சிக்காரருக்காக. இது நமக்குள்ள இருக்கட்டும், எனக்கு ஒரு கண்ணாடி எழுதுங்க."

பாதி முறைப்பு

உவரிக்காரர் ஒருவருக்குக் கடலில் தூண்டில் முள் தெறித்து இடது கண் நிஜமாகவே போய்விட்டது. விசாரிக்க வந்த இன்சூரன்ஸ் அதிகாரியோ, கண் முன்னமே பழுதுதான் என்று சாதித்தார். உவரிக்காரரின் மனைவி ஓரமாக நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருசம் அவர்கள் ஊரில் நடத்திய கண் முகாமின் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். உவரிக்காரர் பெயருக்கு நேரே, இரண்டு கண்ணிலும் பார்வை தெளிவு என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டு ஃபைலை மூடினார். அடுத்த மாதமே பணம் வந்துவிட்டதாக இருவரும் சொல்ல வந்தார்கள். மனைவி வாய் ஓயாமல் பேச, அவர் பழக்கதோஷத்தில் திரும்பி முறைத்தார்.

"இனும இவுக மொறைச்சாலும் பாதி மொறைப்புதான் டாக்டரம்மா" என்றாள். அடிபட்ட பிறகு அவர் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

இத்தனை பேர் கண்ணுக்குச் சாட்சி சொன்னதில் எனக்கு மிச்சம், கோர்ட்டு வராண்டாவில் என் பெயரைக் கூப்பிடக் காத்திருந்து காத்திருந்து என் கண் பூத்துப்போனதுதான்.