சித்தி தோட்டத்து ஆறுமணிக் குருவி

ஆறுமணிக் குருவிக்கு எங்கள் வீட்டின் மேல் அப்படி என்ன கோபம் என்று எனக்கு விளங்கவே இல்லை. நான் அப்போது நாலாம் வகுப்பு. ரிஷிவந்தியம் போகிற சாலையில் எங்கள் ஊர். அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டதில் ஒரே தோட்டம் இரண்டாகி, நடுவில் கிளுவை வேலி வந்திருந்தது. இங்கே ஒரு மாமரம், ஒரு கொய்யா. அங்கே ஒரு மாமரம், ஒரு பூவரசு. மண் ஒன்று, காலையில் இறங்குகிற பனியும் ஒன்றுதான். ஆனால் கார்த்திகையில் எங்கிருந்தோ வந்து சேர்ந்த அந்தக் குருவி, வேலிக்கு அந்தப் பக்கம்தான் இறங்கியது.

அதன் அழகைச் சொன்னால் இப்போதும் எனக்குக் கொஞ்சம் எரியும். பச்சை முதுகு, தோளில் நீலம், வயிற்றுக்கடியில் குங்குமம் தடவிய மாதிரி சிவப்பு, கண்ணுக்கு மை வேறு. வாலை மட்டும் யாரோ கத்தரித்துவிட்ட மாதிரி குட்டையாக இருக்கும். காலை ஆறு மணிக்கு ஒரு முறை, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு முறை விசிலடித்துவிட்டு, தரையில் தத்தித் தத்தி இலைகளைப் புரட்டும். எங்கள் பக்கம் வந்ததெல்லாம் மைனா, சதா சண்டை போடும் தவிட்டுக் குருவி, அப்புறம் அணில். அணில் யார் வீட்டில்தான் இல்லை? அதைக் காட்டி யாரிடம் பெருமையடிக்க முடியும்?

பெருமையடிக்க வேண்டிய அவசரம் எனக்கு இருந்தது. அந்தக் குருவி எங்கள் தோட்டத்துக் குருவி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன். காணும் பொங்கலன்று பார்க்க வருவதாக மூன்று பேர் கிளம்பி நின்றார்கள்.

சித்திக்குச் சொந்த ஊர் மணலூர்பேட்டை. கல்யாணமான நாற்பதாம் நாள் சித்தப்பா மஸ்கட்டுக்கு விமானம் ஏறிவிட்டார். புதிதாகக் கட்டிய அவ்வளவு பெரிய வீட்டில் சித்தியும் ஒரு டிவியும் மட்டும் இருந்தார்கள். தினமும் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சித்தி என்னைக் கூப்பிடுவாள். பின்வாசல் படியில் இருவரும் உட்காருவோம். இரண்டு டம்ளரில் டீ, ஒரு தட்டில் பொரி உருண்டை. சித்தி ஓயாமல் பேசுவாள். அவள் ஊர் ஆற்றில் தண்ணீர் வந்த கதை, அவள் தங்கைகள் போட்ட சண்டை, சித்தப்பா போனில் சொன்னது என்று அதற்கு முடிவே இருக்காது. பேசினால் குருவி பறந்துவிடும், கொஞ்சம் சும்மா இருங்கள் சித்தி என்று நான் அதட்டுவேன். அவளும் வாயைப் பொத்திக்கொள்வாள், ஒரு நிமிஷத்துக்கு.

குருவியை எங்கள் பக்கம் இழுக்க நான் செய்யாத வேலை இல்லை. கம்பு இறைத்தேன், நொய் இறைத்தேன், கொய்யாப்பழத்தை நறுக்கி வைத்தேன். எல்லாவற்றையும் அணில் தின்று கொழுத்தது. கடைசியில் சித்தியிடமே கேட்டேன்.

"அது தானியம்லாம் தின்னாது பாப்பா. குப்பைல கீற புழு பூச்சிதான் தின்னும். உங்கம்மா ஒரு எலகூட வுட்டு வெக்க மாட்டாங்க. எங்க வூட்ல குப்பை ஜாஸ்தி, அதான் இங்க வருது."

அது உண்மைதான். அம்மா இரண்டு வேளையும் தோட்டத்தைப் பெருக்குவாள். இலை விழும் சத்தம் கேட்டே விளக்குமாற்றைத் தேடுகிற ஆள். சித்தி தோட்டத்திலோ இலை கணுக்கால் வரை கிடக்கும். ஒற்றை ஆளுக்கு இரண்டு மரத்துக் குப்பையை வார முடியவில்லையா, அவ்வளவு சோம்பலா என்று அம்மா முணுமுணுக்காத நாளில்லை. குப்பைக்காரி வீட்டுக்கு ராஜா மாதிரிக் குருவி, சுத்தக்காரி வீட்டுக்கு அணில். இது என்ன நியாயம்?

பொங்கல் சீர் வாங்கிவர சித்தி தாய்வீடு புறப்பட்டாள். பஸ்ஸுக்குப் போகும்போது குருவியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என் கன்னத்தைத் தட்டினாள். நான் நன்றாகவே பார்த்துக்கொண்டேன். போகிக்கு முந்தின நாள் அம்மா கள்ளக்குறிச்சிக்குச் சாமான் வாங்கப் போயிருந்த நேரம், அப்பாவின் உரச் சாக்கை எடுத்துக்கொண்டு வேலிச் சந்தில் நுழைந்தேன். பத்துப் பன்னிரண்டு நடை இருக்கும். சித்தி தோட்டத்து இலை முழுவதையும் அள்ளிவந்து எங்கள் மாமரத்தடியில் மெத்தை மாதிரி பரப்பினேன். குருவிக்குக் குழப்பம் வரக்கூடாதே என்று சித்தி பக்கத்தை அம்மாவின் விளக்குமாற்றால் சுத்தமாகப் பெருக்கியும் விட்டேன். நாளைக்கு ஆறு மணிக்கு அது நம் வீட்டுக் குருவி என்ற சந்தோஷத்தில் சோறுகூட இறங்கவில்லை.

புகை மூக்கில் ஏறித்தான் கண் விழித்தேன். அன்று போகி. தெருவெல்லாம் சிறுவர்கள் மேளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா கிழிந்த பாயோடும் ஓட்டை முறத்தோடும் சேர்த்து, என் இலை மெத்தையை ஒன்று விடாமல் கொளுத்தியிருந்தாள். இவ்வளவு குப்பை ஏது என்று கேட்டாள். சித்தி தோட்டத்தைப் பெருக்கினேன் என்றேன். போகிக்குத்தான் சேர்த்தேன் என்று நினைத்து, வாழ்க்கையில் முதல் முறையாக என்னைப் பொறுப்பான பெண் என்றாள். வேலிக்கு இரண்டு பக்கமும் தரை மொட்டையாகக் கிடந்தது.

மத்தியானம் சித்தி கரும்புக் கட்டோடு வந்து இறங்கினாள். அம்மா அவளைக் கையோடு தோட்டத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினாள். சித்தி பூவரசு மரத்தடி வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"நல்லா பெருக்கிக்கீற பாப்பா," என்றாள். பிறகு பையைத் திறந்து, எனக்காக வாங்கிவந்த கண்ணாடி வளையல்களைக் கையில் போட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் விசில் சத்தம் கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. எனக்கு அழுகை வந்தது நிஜம். ஆனால் எனக்கு இல்லாவிட்டாலும் அவளுக்கும் இல்லை என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி இருந்ததும் நிஜம். இதை எழுதக் கை கூசுகிறது. காணும் பொங்கலன்று வந்த மூன்று பேரிடமும், குருவி பொங்கலுக்குக் கல்வராயன் மலைக்குப் போயிருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். சித்தி தாய்வீடு போகலாம், குருவி போகக்கூடாதா?

ஒரு வாரம் கழித்து ஆறு மணிக்குச் சித்தியின் குரல் கேட்டது.

"பாப்பா, வந்துடுச்சி, ஓடியா."

விழுந்தடித்து ஓடினேன். தோட்டத்தில் ஒன்றுமில்லை. இப்போதுதான் வேலியோரம் போனது, உட்கார், திரும்ப வரும் என்றாள். படியில் இரண்டு டம்ளரில் டீ ஆறிக்கொண்டிருந்தது. மறுநாளும் இதே கதை. மூன்றாம் நாளும் இதே கதை. அந்த மூன்று நாளில் ஒரு தடவைகூட விசில் கேட்கவில்லை. என் காதை யார் ஏமாற்ற முடியும்?

நாலாம் நாள் அவள் கூப்பிட்டபோது நான் எழுந்திருக்கவில்லை. சித்தி பொய் சொல்கிறாள் என்று அம்மாவிடம் கோள் சொன்னேன். அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வேலிப் பக்கம் பார்த்தாள்.

"குருவி இல்லன்னா இன்னாடி? போய் கொஞ்ச நேரம் குந்திக்கினு வாயேன்."

குருவி இல்லாத இடத்தில் உட்கார்ந்து எதைப் பார்ப்பதாம்? வேலியோரம் போய் நின்று, நிஜமாகவே வந்தால் மட்டும் கூப்பிடுங்கள் சித்தி என்று கத்திவிட்டுத் திரும்பினேன்.

அதற்கப்புறம் சித்தி கூப்பிடவே இல்லை. குருவி வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.